தெரிந்த மூட்டைக்கு ஒரே குத்து

பாலோ, ஜொகூர்
1937 ஜூலை 3, சனிக்கிழமை

அன்பு மகன் ருக்னுதீனுக்கு உம்மா பாலோவிலிருந்து ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. உன்னையும் மருமகள் ஜாஹிதாவையும் கைக்குழந்தையையும் அல்லாஹ் ரங்கூனில் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே யாவரும் சுகம் என்றுதான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன், இப்போதும் கை அதைத்தான் எழுதப் போனது, நான்தான் பிடித்து நிறுத்தினேன். வாப்பா சுகம், கடை சுகம், அரிசிக் கிடங்கில் பூனை நாலு குட்டி போட்டு அதுவும் சுகம். எனக்கு மட்டும் சுகமில்லை. அதற்காக உம்மா பாயில் சுருண்டு கிடக்கிறாள் என்று எண்ணிக்கொள்ளாதே. இன்று காலையில் இடியப்பம் பிழிந்து, மீன் ஆணம் காய்ச்சி, வாப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்து அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், இன்னும் மூச்சு வாங்கவில்லை.

முந்தாநாள் வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. உறையின் மேலும் வாப்பா பெயர், உள்ளேயும் வாப்பாவுக்கே. கடைக் கடிதங்களில் பாதிக்கு மேல் என் கைதான் என்பது உனக்குத் தெரியும், உன் வாப்பா எழுதினால் கோழி கிளறிப் போட்டது மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர் என் உடம்பைப் பற்றி எழுதும்போது மட்டும் என்னைக் கூப்பிடாமல் கடையில் உட்கார்ந்து தானே எழுதினார், நீயும் அவருக்கே பதில் போட்டாய். என் மார்பில் இருக்கிற கட்டியைப் பற்றி இரண்டு ஆண்பிள்ளைகள் கடல் தாண்டிப் பேசி முடித்துவிட்டீர்கள், எனக்கு ஒரு வரி இல்லை. உம்மாவைக் கத்திக்குக் கொடுக்கவேண்டாம், கட்டிக்குள் விட்டுப் பார்த்த ஊசி மூன்று தடவை கெட்டது இல்லை என்று சொல்லி ஒரு தடவைதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது, மூன்று பெரிதா ஒன்று பெரிதா, மழைக்காலம் முடிந்து நான் வந்து மதராசுக்கு அழைத்துப் போகிறேன், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். நல்ல மகன். உன் உத்தரவுக்கு இதுதான் பதில்: திங்கட்கிழமை காலை ரயிலில் நானும் வாப்பாவும் ஜொகூர் பாருவுக்குப் போகிறோம், புதன்கிழமை எனக்கு அறுவை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்துபோயிருக்கும். தந்தி அடித்து நிறுத்தப் பார்க்காதே, அடித்தாலும் நான் நிற்கமாட்டேன்.

ஆனால் காரணம் சொல்லாமல் போகமாட்டேன், நீ படித்த பிள்ளை, அதைவிட நீ அரிசிக்காரன், சொன்னால் விளங்கும். இதையெல்லாம் மகனுக்கு எழுத வெட்கமாக இல்லையா என்று ஜாஹிதாவிடம் கேட்பாய். வெட்கப்பட்டுத்தான் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்த மூன்று மாதத்தில் யாருக்கு என்ன லாபம் வந்தது? போன நோன்பில் ஒரு நாள் குளிக்கும்போது இடது பக்கம், கக்கத்தை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டியது. கல் மாதிரி கெட்டி. தள்ளினால் நகரவில்லை. வலி துளியும் இல்லை, அதனால் சும்மா இருந்துவிட்டேன். பெருநாள் போய் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது, அது போகவில்லை. கடைசியில் நான் வாய் திறந்தது உன் வாப்பாவிடம் இல்லை, அங்கம்மாவிடம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்த பிறகு மத்தியானத்தில் நம் வீட்டுக்கு அரிசி புடைக்க வருவாளே, நீ வந்திருந்தபோது உனக்குக் கொடுக்காப்புளி கொண்டுவந்து கொடுத்தாள், அவள்தான். வலி இல்லை, அதனால் பயமில்லை என்று நான் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க அக்காவுக்கும் வலிக்கல பீவி. வலிக்கலன்னுதான் விட்டா" என்றாள். அந்த அக்கா எப்படிச் செத்தாள் என்று பிறகு சொன்னாள், அதை நான் எழுதப்போவதில்லை.

அன்றைக்கே வாப்பாவிடம் சொன்னேன். அவர் பாவம், என்னைவிடப் பயந்துபோனார். பயந்தவர் செய்கிற காரியங்களையெல்லாம் செய்தார். தங்காக்கில் ஒரு ஹக்கீம் கொடுத்த களிம்பைப் பத்து நாள் போட்டேன், தோல்தான் வெந்தது. தண்ணீர் ஓதிக் குடித்தேன். பிறகு நானே ஒரே பிடியாய் நின்று ஜொகூர் பாருவுக்குப் போக வைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார சர்ஜன் பார்த்தார். நல்ல மனிதர்தான், திரைக்குப் பின்னால் நர்ஸ் ஒருத்தியை நிற்க வைத்துக்கொண்டுதான் பார்த்தார். மயக்க மருந்து கொடுத்துத் திறந்து பார்ப்போம், கெட்டதாக இருந்தால் மார்பு முழுவதையும் அப்போதே எடுத்துவிடுவோம், நல்லதாக இருந்தால் தைத்துவிடுவோம் என்றார். நடுவில் என்னை எழுப்பிச் சொல்வீர்களா என்று, கூட நின்ற கம்பவுண்டரைக் கேட்கச் சொன்னேன். கம்பவுண்டர் அதை இங்கிலீஷில் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார், இல்லை என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படுக்கும்போது இருந்தது எழும்போது இருக்குமா என்று தெரியாமல் நான் கண்ணை மூடமாட்டேன் என்று சொல்லிவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வாப்பா வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள், நான் கத்தி வேண்டாம் என்று அன்றைக்கும் சொல்லவில்லை. தெரியாமல் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அந்தக் கம்பவுண்டர்தான் பின்னாலேயே ஓடிவந்து டாக்டர் சியாவைப் பற்றிச் சொன்னார். சீனப் பெண்பிள்ளை, சிங்கப்பூரில் படித்தவள், ஜொகூர் பாரு பசார் பக்கம் சொந்தமாக வைத்தியசாலை வைத்திருக்கிறாள். என்னுடன் மலாயில் பேசினாள், என் மலாய்தான் உனக்குத் தெரியுமே, இருந்தும் நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டோம். அமெரிக்காவில் சில வருடமாக ஒரு வழி செய்கிறார்களாம், திறக்காமலே கட்டிக்குள் ஊசியை விட்டு, பம்பை இழுத்து, வருகிற துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, பூதக்கண்ணாடியில் பார்ப்பது. அவள் பதினோரு பேருக்குச் செய்திருக்கிறாள், பார்ப்பது சிங்கப்பூரில் வேறு ஒரு டாக்டர். முதலில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, பிறகு தடித்த ஊசி. மரத்துப்போன பிறகும் அது உள்ளே போவது தெரிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் கழித்துப் போனோம். கெட்டது ஒன்றும் காணவில்லை என்று பதில் வந்திருந்தது. அவள் அதோடு விடவில்லை, வாப்பாவையும் உள்ளே கூப்பிட்டு விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள்: ஊசி இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் பாதிதான் நம்பவேண்டும், ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் திரும்பி வாருங்கள் என்று. வாப்பாவும் தலையை ஆட்டினார். ரயில் குளுவாங் தாண்டுவதற்குள் கெட்டது காணவில்லை என்பது மட்டும்தான் அவரிடம் மிஞ்சியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைத்தான் வாப்பா உனக்கு விவரமாக எழுதினாரே. இரண்டு கிடாய் அறுத்து, மௌலிது ஓதி, பாலோ முழுக்க நெய்ச்சோறு. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை வந்து சாப்பிட்டுப் போனார்கள். பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். நான் மட்டும் யோக்கியம் என்று எழுதமாட்டேன், ருக்னுதீன், நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். நெய்ச்சோறும் ருசியாகத்தான் இருந்தது. ஒரு மாதம் ஆனதும் போகவேண்டும் என்று ஞாபகம் வந்தது, கந்தூரி கொடுத்துவிட்டுத் திரும்ப டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று வாப்பா இழுத்தார், நானும் சரி என்று விட்டேன். கை மட்டும் குளிக்கும்போதெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும். அது கொட்டைப்பாக்கு அளவாகியிருந்தது. கையைத் தூக்கினால் தோல் அந்த இடத்தில் சுருங்கி உள்ளே இழுத்தது.

அப்போதுதான் உன் அரிசி வந்தது. ஏப்ரல் கடைசியில் நீ அனுப்பினாயே, உன் முத்திரை குத்திய நாற்பது மூட்டை, அது. உன் வாப்பா மூட்டை வாங்குகிற விதம் உனக்குத் தெரியாததா, நீ அவர் காலடியில் நின்று கற்றுக்கொண்டதுதானே. யாரென்று தெரியாதவன் மூட்டை என்றால் குழல் வைத்த குத்தூசியைக் கழுத்தில் ஒரு தடவை, வயிற்றில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை இறக்கி, குழலைச் சரித்து, உள்ளங்கையில் விழுகிற அரிசியை மோந்து பார்த்து, கடித்துப் பார்த்துத்தான் இறக்கச் சொல்வார். விற்க வந்த சீனத் தௌக்கே எவ்வளவு முகத்தைச் சுளித்தாலும் மூன்று குத்து மூன்று குத்துதான். தெரிந்த கையிலிருந்து வந்த மூட்டை என்றால் கழுத்தில் ஒரே குத்து, அதுவும் மரியாதைக்கு. உன் மூட்டைக்கும் ஒரே குத்துதான். முத்து மாதிரி வெள்ளை அரிசி வந்ததாம், என் மகன் அனுப்பினது என்று ஸ்டேஷனில் நின்றவர்களுக்கெல்லாம் கையை விரித்துக் காட்டினாராம். மூன்றாம் நாள் வீட்டுக்கென்று ஒரு மூட்டையை அவிழ்த்து அங்கம்மா புடைத்துக்கொண்டிருந்தாள். பாதி மூட்டை போன பிறகு பீவி பீவி என்று கூப்பிட்டாள். நடுவில் கைமுட்டி அளவுக்கு அரிசி கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, இறுகிக் கிடந்தது. பூஞ்சை வாடை. கப்பலில் தண்ணீர் பட்டிருக்கும், உன் மேல் குற்றமில்லை. சுற்றிலும் நல்ல அரிசி, குத்தூசி போன வழியில் எல்லாம் நல்ல அரிசி. நான் அதைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது, நகரவில்லை.

அதைச் சுளகில் வைத்து எடுத்துக்கொண்டு கடையின் முன்பக்கத்துக்கே போய்விட்டேன். வியாபார நேரத்தில் நான் முன்பக்கம் வந்து நீ பார்த்திருக்கிறாயா? முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. கிராணி நின்றார், சாமான் வாங்க வந்த இரண்டு சீனர்கள் நின்றார்கள், யாரையும் நான் பார்க்கவில்லை. சுளகை வாப்பாவின் மேசையில், அவர் கணக்குப் புத்தகத்தின் மேலேயே வைத்தேன். "கழுத்துல குத்துனீங்க, நல்ல அரிசி வந்துச்சு. நடுவுல பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். "ஊர் பேர் தெரியாதவன் மூட்டைக்கு மூணு குத்து, எனக்கு ஒரே குத்து. நான் அவ்வளவு தெரிஞ்ச மூட்டையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கிராணிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அவர் அன்றைக்கு வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டாராம்.

இரண்டு நாள் உன் வாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டேனாம். மனுஷியும் மூட்டையும் ஒன்றா என்று கேட்டார். ஒன்றில்லைதான், மூட்டை கெட்டால் ரங்கூனுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம், என்னை எங்கே திருப்பி அனுப்புவீர்கள், என் உம்மா வாப்பா மௌத்தாகி வருடம் இருபதாகிறது என்று சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் தானாகவே ரயில் நேரம் கேட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் சியா தொட்டுப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. ஏன் ஒரு மாதத்தில் வரவில்லை என்று கேட்டாள், நெய்ச்சோறு தின்றோம் என்று நான் எப்படிச் சொல்வேன். ஊசியை எடுத்ததும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தீகா தெம்பாட் என்றேன், மூன்று இடத்தில் குத்து என்று. சிரித்தாள். பிறகு வாப்பா குத்தூசியைப் பற்றி, கழுத்து வயிறு அடி என்று தன் வயிற்றிலேயே தொட்டுக் காட்டிச் சொன்னார், அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சரியான பேச்சு என்றாள். போன தடவை கட்டி சின்னது, ஊசி அதைத் தொடாமல் பக்கத்துச் சதைக்குள் போயிருக்கலாம், ஊசி தான் போன இடத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும், போகாத இடத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்றாள். மூன்று பக்கமிருந்து குத்தினாள். இந்தத் தடவை நான் கத்தினேன், எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. எட்டாம் நாள் பதில். ஒரு கண்ணாடியில் வெறும் இரத்தம். இன்னொன்றில் வெறும் கொழுப்பு. மூன்றாவதில் கெட்டது இருந்தது, சந்தேகமில்லாமல் இருந்தது. வாப்பா தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார். அவருக்கு யாரும் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தனக்குள்ளேயே, "ஒரு குத்துல வந்தா போதும், மூட்டை போச்சு" என்றார்.

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனபோது, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எந்தத் திங்கட்கிழமை வந்தாலும் புதன்கிழமை அறுவை என்று அந்த சர்ஜன் சொன்னதும், மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று உனக்கு எழுதப் போனார். புருஷன் கையெழுத்து இல்லாமல் அவர்கள் கத்தி வைக்கமாட்டார்களாம். உனக்கு எழுதி, உன் பதில் வந்து சேர, ஐந்து வாரம். உன் பதிலுக்காகத் தபால்காரன் காத்திருக்கலாம், வாப்பா காத்திருக்கலாம், அந்தக் கட்டி காத்திருக்கவில்லை. நீயோ எழுதுகிறாய், மூன்று இல்லை, ஒன்று இருக்கிறது என்று. இது என்ன பஞ்சாயத்தா, கை தூக்கச் சொல்லி எண்ணுவதற்கு? நாலு குத்துக் குத்தி மூன்றில் நல்ல அரிசியும் ஒன்றில் புழுவும் வந்தால் அந்த மூட்டையை நீ வாங்குவாயா? உன் மில்லில் வேறு எவனாவது வாங்கியிருந்தால் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கமாட்டாயா? இல்லை என்று சொன்ன மூன்றும் தொடாத இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. இருக்கிறது என்று சொன்ன ஒன்றுதான் தொட்டுவிட்டுப் பேசுகிறது. உனக்கு இது தெரியாமல் இல்லை. உம்மா என்றதும் கண்ணை மூடிக்கொண்டாய், உன் வாப்பாவும் அப்படித்தான் மூடிக்கொண்டார். பிரியத்தில்தான் செய்கிறீர்கள், நான் அறிவேன். பிரியமான மூட்டைக்குத்தான் ஒரே குத்து.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய், நான் பால் குடித்த மார்பாயிற்றே, அதை வெட்டி எறிவதா என்று. படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நீ குடித்து முடித்து இருபத்தாறு வருடமாகிறது மகனே, உன் உரிமை அத்தோடு தீர்ந்தது. இனி அது என்னுடையது, வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்று நான்தான் சொல்வேன். ஆண் டாக்டர் கை வைப்பதைப் பற்றியும் வருத்தப்படாதே, பள்ளிவாசல் லெப்பையிடம் நானே ஆளனுப்பிக் கேட்டேன், உயிர் காக்க ஆகும் என்று சொல்லிவிட்டார். பயமில்லை என்று எழுதமாட்டேன். எடுத்தாலும் சில பேருக்குத் திரும்பி வருகிறது என்று டாக்டர் சியா என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், மறைக்கவில்லை, அதனால்தான் அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. திரும்பி வந்தால் வரட்டும், வந்து பார்க்கட்டும், நானும் இருக்கிறேன். ஆனால் வாசலில் நிற்கிறதைத் தெரிந்துகொண்டே கதவைச் சாத்தாமல் மதராஸ் கப்பலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது. இப்போது கண்ணை மூடப் போகிறேன் என்றால் தெரிந்துதான் மூடுகிறேன். எழும்போது என்ன இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்த சர்ஜனிடமும் அதைச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று வாப்பா அதை நாலு தடவை படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், இனி மழைக்காலம் வரை நிம்மதி என்பது மாதிரி. நான் சண்டை போடவில்லை. மேசை இழுப்பறைக்குள் ஐந்து வாரமாகக் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து, புருஷன் கையெழுத்துப் போடுகிற இடத்துக்குக் கீழே யாரும் கேட்காமலே மீரா பீவி என்று தமிழில் என் பெயரை எழுதி, அவர் மேசையில் விரித்து, பறக்காமலிருக்க அதன் மேல் குத்தூசியை வைத்துவிட்டு வந்தேன். நேற்று ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர் சாப்பிடக்கூட உட்காராமல் நேரே மேசைக்குப் போனார். கையெழுத்தைப் பார்த்தேன், வழக்கமான கோழிக் கிளறல்கூட இல்லை, கோழி நனைந்துபோயிருந்த மாதிரி இருந்தது. சோற்றைப் போட்டேன், மீன் தலையை எனக்கு எடுத்து வைத்தார்.

அவரைக் கோபித்து எழுதாதே. நாற்பது வருட வியாபாரத்தில் இந்த ஒன்றில்தான் தவறினார், அதையும் திருத்திக்கொண்டார். இப்போது தம்பி மகன் அனுப்பிய பருப்பு மூட்டைக்குக்கூட மூன்று குத்துக் குத்துகிறார், சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் மட்டும் அங்கம்மா வந்து ஆக்கிப் போடுவாள், தோட்டத்தில் வேலை வாங்குகிற தண்டலிடம் மல்லுக்கட்டி லீவு வாங்கியிருக்கிறாள். அவள் பெண்ணுக்கு இந்த வருடம் கல்யாணம், ஒரு நல்ல பர்மாப் பட்டுத் துணி பார்த்து அனுப்பு, மறந்துவிடாதே, அவள் வாய் திறந்திருக்காவிட்டால் நான் இன்னும் வலி இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். குழந்தைக்குப் பல் முளைக்கும் சமயம், வெயிலில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். நீ தேத்தண்ணீரைக் குறைத்துக்கொள். இந்தக் கடிதத்தை ஜாஹிதாவுக்கு முழுவதும் படித்துக் காட்டு, பாதியை விட்டுவிட்டுப் படிக்காதே, அவளுக்கு எந்த இடத்தில் என்ன தட்டினாலும் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கக் கூடாது, அன்றைக்கே வாய் திறக்கவேண்டும். ஊசி போட்டு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அவள் கை இருக்கிறது என்று சொன்னால், கந்தூரி கொடுக்காதே, திரும்பக் கூட்டிப் போ.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் தரட்டும், உன் பிள்ளை உன்னைப் போலவே பிடிவாதமாக வளரட்டும், அப்போதுதான் உனக்கு விளங்கும். நீ இதைப் படிக்கும்போது புதன்கிழமை போயிருக்கும், இருந்தாலும் எனக்காக ஒரு துஆச் செய், அது பிந்தி வந்தாலும் சேரவேண்டிய இடத்தில் சேரும். கட்டி இடது பக்கம், நான் எழுதுவது வலது கை, ஆகையால் அடுத்த கடிதமும் என் கையெழுத்தில்தான் வரும், வாப்பா எழுத்தில் வந்தால் பொறுமையாக இரு.

உறைக்குள் இரண்டு சின்னப் பொட்டலம் இருக்கிறது, தபாலில் கிழிந்துபோகாமல் இருக்கவேண்டும். ஒன்று உன் மூட்டையின் கழுத்தில் எடுத்தது, மூன்று சிட்டிகை. ஒன்று நடுவில் எடுத்தது, ஒரு சிட்டிகை. நாலையும் உன் உள்ளங்கையில் ஒன்றாகக் கொட்டி எண்ணிப் பார். மூன்று பெரிதா ஒன்று பெரிதா என்று பார். பிறகு அதைச் சோறாக்கி உன் மகளுக்கு ஊட்டுவாயா என்று பதில் எழுது. வாப்பாவுக்கு இல்லை, எனக்கு எழுது. உறையின் மேல் என் பெயரைப் போட்டு எழுது.

உன் உம்மா,
மீரா பீவி